கணுக்கால் பிசகினால் சூடா, ஐஸா?

வட சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான், ஈஜோக், ஜெராம் சுற்றுவட்டாரத் தோட்டத் திடல்களில் சாயங்காலக் காற்பந்து ஆடுகிறவர்களுக்கு மேடுபள்ளம் புதிதல்ல. மழைக்குச் சகதியாகி வெயிலுக்கு இறுகும் மண் அது. ஓடுகிற ஓட்டத்தில் பாதம் உள்பக்கமாக மடங்கும்; ஆட்டக்காரர் நொண்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே வருவதற்குள் கணுக்காலின் வெளிப்புறம் புடைத்திருக்கும். அதற்குள் திடலோரத்தில் மூன்று விதமான வைத்தியம் தயாராகிவிடும். ஒருவர் தைலப் புட்டியைத் திறந்து, “நரம்பு பிசகியிருக்கு, நல்லா உருவிவிட்டாத்தான் சரியாகும்” என்பார். இன்னொருவர் வீட்டுக்குப் போய் உப்பு ஒத்தடம் கொடுக்கச் சொல்வார். இளவட்டங்கள் மளிகைக் கடைக்கு ஓடி ஒரு பை ஐஸ் வாங்கி வருவார்கள். சூடா, ஐஸா என்று அங்கே வாக்குவாதம் நடக்கும். இரண்டு பக்கமும் ஒரே அனுமானத்தில் நிற்கின்றன: ஏதோ ஒன்று காயத்தை ஆற்றுகிறது என்ற அனுமானம். கடந்த 20 ஆண்டு ஆய்வுகளைப் படித்தால் அந்த அனுமானமே ஆட்டம் காண்கிறது. காயத்தை ஆற்றுவது உடல். அதற்குத் துணை நிற்பது அளவான அசைவு. ஐஸும் சூடும் வலியைத் தணிக்கின்றன, அவ்வளவுதான். வலி தணிந்த நேரத்தில் காலை அசைக்க முடிகிறது என்பதில்தான் இரண்டின் மதிப்பும் இருக்கிறது. எதை எப்போது வைப்பது, எதை முதல் இரண்டு நாள் தொடவே கூடாது என்பதையும் இந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும்.

முதலில், பிசகிய கணுக்காலுக்குள் என்ன நடக்கிறது? கணுக்கால் சுளுக்கில் பெரும்பாலானவை பாதம் உள்நோக்கி மடங்குவதால் வருபவை. அப்போது வெளிப்புற எலும்பு முட்டைப் பாதத்தோடு பிணைக்கும் தசைநார்கள் இழுபட்டு நார்நாராக அறுகின்றன. நாம் ‘நரம்பு பிசகியது’ என்று சொல்வது பெரும்பாலும் இந்தத் தசைநாரைத்தான். அறுந்த இடத்தில் நுண்ணிய ரத்தக் குழாய்களும் அறுந்து ரத்தம் கசியும். குழாய்ச் சுவர்கள் இளகி நீர் வெளியேறும். வீக்கம் வருவது இப்படி. சில மணி நேரத்தில் வெள்ளை அணுக்கள் அங்கே கூடுகின்றன. முதலில் வருபவை சிதைந்த திசுவைத் துப்புரவு செய்யும். பின்னால் வரும் பெருவிழுங்கணுக்கள் மிச்சத்தைத் தின்று தீர்ப்பதோடு, புதுத் திசு வளரத் தேவையான பொருள்களையும் சுரக்கின்றன. அவற்றில் ஒன்றான ஐ.ஜி.எஃப்-1 இல்லாவிட்டால் தசை ஒழுங்காக வளர்வதில்லை என்று 2011இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து மருத்துவமனை ஆய்வாளர்கள் சுண்டெலிகளில் காட்டினார்கள். ஆக, வீக்கத்தை விரட்ட வேண்டிய பகை என்று நினைப்பது தவறு. அது பழுதுபார்க்கும் வேலையின் முதல் கட்டம். ஆனால் அளவு மீறிய வீக்கம் மூட்டை இறுக்கி அசைவைத் தடுக்கும், வலியைக் கூட்டும். அடக்கவும் வேண்டும், அழிக்கவும் கூடாது என்ற இந்த இக்கட்டில்தான் ஐஸ் பற்றிய சர்ச்சை முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஐஸுக்குப் பெரும்புகழ் தேடித் தந்தவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். 1978இல் வெளிவந்த விளையாட்டு மருத்துவ நூலொன்றில் ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைத்தல் ஆகிய நான்கையும் அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளால் கோத்து ‘ரைஸ்’ என்று பெயர் சூட்டினார். சொல்ல எளிது, நினைவில் நிற்பது அதைவிட எளிது. உலகெங்கும் உடற்கல்வி ஆசிரியர்கள் மனப்பாடம் செய்தார்கள். அதே மிர்கின் 2014இல், ஐஸும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தன் சூத்திரத்தைத் தானே திருத்திக்கொண்டார். இடையில் 2012இல் கணுக்கால் சுளுக்குக்கு ‘ரைஸ்’ உதவுகிறதா என்று ஆராய்ந்த ஒரு தொகுப்பாய்வு, 868 நோயாளிகள் பங்கேற்ற 11 பரிசோதனைகளை அலசிவிட்டு, உதவுகிறது என்றோ இல்லை என்றோ தீர்ப்புச் சொல்லப் போதிய சான்று இல்லை என்று கைவிரித்தது. 30 ஆண்டுக்கும் மேலாக உலகமே கடைப்பிடித்த ஒரு வழக்கத்துக்கு இவ்வளவுதான் ஆதாரம் என்பது வேடிக்கைதான்.

அப்படியானால் ஐஸை அறவே விட்டுவிடலாமே என்று இப்போது சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் கையில் எடுப்பது எலி ஆய்வுகளை. ஜப்பானின் கோபே பல்கலைக்கழகத்தார் 2021இல், கடுமையாகக் காயம்பட்ட சுண்டெலித் தசைக்கு ஐஸ் வைத்தால் பெருவிழுங்கணுக்கள் வந்துசேரத் தாமதமாகி, தசை வளர்ச்சியும் பிந்துகிறது என்று கண்டார்கள். இதை அப்படியே மனிதக் கணுக்காலுக்குப் பொருத்த முடியாது. சுண்டெலியின் கால் தசை சில மில்லிமீட்டர் தடிப்பு. மேலே வைத்த குளிர் அதை ஊடுருவி மறுபக்கம் போய்விடும். மனிதர்களிடம் அப்படி நடப்பதில்லை. 2002இல் வெளியான ஓர் அளவீட்டில், தொடைத் தசையின் வெப்பம் 7 பாகை குறைய, தோலடிக் கொழுப்பு மிகக் குறைவாக இருந்தவர்களுக்கு 8 நிமிடமே போதுமாக இருந்தது. கொழுப்பு மிகுந்தவர்களுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடித்தது. இதே கோபே குழு பின்னர், சிறிய அளவில் சேதமான தசையில் காயம் ஆற ஐஸ் உதவவும் கூடும் என்று கண்டதையும் ஐஸ் எதிர்ப்பாளர்கள் சொல்வதில்லை. ஐஸ் ஆற்றுகிறது என்பதற்கும் வலுவான மனிதச் சான்று இல்லை, கெடுக்கிறது என்பதற்கும் இல்லை.

வலிக்கு மட்டும் சான்று தெளிவாக இருக்கிறது. தோலின் வெப்பத்தை 10 பாகை செல்சியஸ் வரை இறக்கினால் கணுக்கால் நரம்பில் செய்தி ஓடும் வேகம் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று 2007இல் ஓர் ஆய்வு அளந்தது; வலி உணரத் தொடங்கும் வரம்பும் பெருமளவு உயர்ந்தது. மாத்திரை விழுங்காமல், அடிபட்ட இடத்தில் மட்டும், சில நிமிடங்களில் கிடைக்கும் வலிநிவாரணம் இது. முதல் நாளிலும் இரண்டாம் நாளிலும் இதற்காகத்தான் ஐஸ் வைக்கிறோம். எவ்வளவு நேரம்? 2006இல் வட அயர்லாந்தில் நடந்த பரிசோதனையில், தொடர்ந்து 20 நிமிடம் ஐஸ் வைத்தவர்களைவிட, 10 நிமிடம் வைத்து, 10 நிமிடம் எடுத்துவிட்டு, மறுபடி 10 நிமிடம் வைத்தவர்களுக்கு ஒரு வாரத்தில் அசைவின்போது வலி குறைவாக இருந்தது. இரண்டு மணி நேர இடைவெளியில் இதைத் திரும்பச் செய்யலாம்.

ஐஸ் எது என்பதும் முக்கியம். நம் வீடுகளில் தவறு நடப்பது இங்கேதான். கடையில் பையில் விற்கும் உருளை ஐஸ் உருகத் தொடங்கியதும் பூச்சியப் பாகையிலேயே நிற்கும். முழுக்க உருகும் வரை அதற்குக் கீழே போகாது. ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சுகிறது. உடலிலிருந்து வெப்பத்தை இழுக்கும் வேலையைச் செய்வது இந்த உருகல்தான். குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியிலிருந்து நேராக எடுத்த ஜெல் பையோ இறைச்சிப் பொட்டலமோ சுமார் கழித்தல் 18 பாகையில் இருக்கும். அதை வெறுந்தோலில் வைத்துக் கட்டிக்கொண்டு தூங்கிப்போனால் தோல் உறைந்து புண்ணாகும். ‘இன்னும் குளிரட்டும்’ என்று ஐஸில் உப்பைத் தூவுவதும் அதே விபரீதத்தில் முடியும். உப்புக் கரைசல் பூச்சியத்துக்குப் பல பாகை கீழே இறங்கிவிடும். பாசிர் பெனாம்பாங் மீன் படகுகளுக்கு ஏற்றும் தூள் ஐஸானாலும், தே ஐஸ் கலக்கும் கடையின் ஐஸானாலும் போதும்: ஈரத் துணியில் சுற்றுங்கள், மேலே வையுங்கள். ஈரத் துணி வெப்பத்தைக் காய்ந்த துணியைவிட நன்றாகக் கடத்தும். பிள்ளைகள் உறிஞ்சும் பிளாஸ்டிக் குழாய் ‘ஐஸ்கிரீம் மலேசியா’வும் நல்ல கருவிதான், கணுக்கால் எலும்பின் வளைவுகளுக்குள் வசமாகப் பொருந்தும். ஈரத் துணி அதற்கும் வேண்டும்.

இனி சூடு. புது அடியில் சூடு வைத்தால் ரத்தக் குழாய்கள் விரியும். கசிந்துகொண்டிருக்கும் இடத்தில் இன்னும் கசியும். முதல் 48 மணி நேரம் ஒத்தடத்தைத் தள்ளிவைக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான். ‘எங்கள் பாட்டி காலத்திலிருந்து உப்பு ஒத்தடம் கொடுத்தே குணமாகியிருக்கிறது’ என்பது இதற்கு எதிரான பெரிய வாதம். குணமானது உண்மை. சாதாரணச் சுளுக்கு, ஒன்றும் செய்யாவிட்டாலும் சில வாரங்களில் பெரும்பாலும் தணிந்துவிடும். அந்த வாரங்களில் எதைச் செய்தாலும் அதற்கே பெருமை போய்ச் சேரும். நொச்சி இலைக்கும், புளி உப்புப் பற்றுக்கும், ஐஸுக்கும் ஒரே மாதிரி.

ஆனால் பாட்டிமார் சரியாக இருந்த இடம் ஒன்று உண்டு: முதுகு. வட சிலாங்கூர் தோட்டங்களில் உடல் வலி என்பது திடலிலிருந்து வருவதைவிட வேலைக்காட்டிலிருந்து வருவதே அதிகம். 1917இல் பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு நடந்தது. அன்று தொடங்கிய வேலையின் இயல்பு பெரிதாக மாறவில்லை. நீண்ட கம்பின் நுனியில் அரிவாள் கட்டி, தலையை அண்ணாந்து, உயரத்திலிருக்கும் குலையை அறுத்து இறக்கி, 20 கிலோவுக்கு மேலும் கனக்கும் அதைத் தூக்கித் தள்ளுவண்டியில் போட வேண்டும். தோள், கழுத்து, இடுப்பு மூன்றும் இறுகும். வாரம் முழுவதும் இப்படி உழைத்தவர் ஞாயிற்றுக்கிழமை காற்பந்தோ கபடியோ ஆடினால் அடுத்த நாள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். இந்த வகை வலிக்குச் சூடுதான். 2006இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, புதிதாக வந்த இடுப்பு வலிக்கு மிதமான சூடு சிறிதளவு, குறுகிய காலத்துக்கு நிவாரணம் தருகிறது என்று மிதமான வலுவுள்ள சான்றுடன் சொன்னது. ஐஸைப் பற்றி அப்படிச் சொல்ல அதற்குச் சான்று கிடைக்கவில்லை. அவ்வாய்வுகளில் பயன்பட்ட பட்டைகள் சுமார் 40 பாகையில் பல மணி நேரம் நின்றவை. வாணலியில் வறுத்த கல்லுப்பு 100 பாகையைத் தாண்டும். துணியில் முடிந்து ஒற்றுகிறபோது அது எத்தனை பாகையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. தோலில் உள்ள சூடுணர் வாயில் 43 பாகை அளவில்தான் ‘சுடுகிறது’ என்று கத்தத் தொடங்கும். 50 பாகையில் சில நிமிடங்களிலும், 60 பாகையில் சில நொடிகளிலும் தோல் வெந்துவிடும். வெந்நீர்ப் பையை இரண்டு சுற்றுத் துண்டில் பொதிந்து வைப்பது வறுத்த உப்பைவிடப் பத்திரமானது, பலனும் குறைவில்லை. வேலை செய்வது சூடு. உப்பு அதைத் தாங்கி நிற்கும் பாத்திரம்.

தைலங்களுக்கு வருவோம். கோடாலித் தைலமும் டைகர் பாமும் இல்லாத தமிழ் வீடு இப்பகுதியில் குறைவு. மெந்தால் பூசினால் குளிர்கிறது. ஆனால் தோலின் வெப்பம் அதனால் இறங்கிவிடுவதில்லை. குளிரை உணரும் நரம்பு வாயிலை மெந்தால் தானே திறந்துவிடுகிறது, மூளை ‘குளிர்’ என்று படிக்கிறது. மிளகாயின் காரப்பொருள் சூடுணர் வாயிலை இதேபோல் திறக்கும். இந்த வாயில்களைக் கண்டறிந்த வேலைக்காக டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியான் இருவருக்கும் 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. தைலம் தரும் ஆறுதல் பொய்யல்ல. நரம்பைத் திசைதிருப்புவதும் ஒரு நிவாரணம்தான். ஆனால் தைலம் பூசிய இடத்தின் மேல் ஒத்தடம் வைக்காதீர்கள். உணர்வு ஏற்கெனவே குழம்பியிருப்பதால் சூடு அளவு மீறுவது தெரியாது. பல தைலங்களில் உள்ள மெத்தில் சாலிசிலேட் சூட்டினால் கூடுதலாக உள்ளே போகும். அது ஆஸ்பிரின் குடும்பம். கலப்பில்லாத அதன் எண்ணெய் ஒரு தேக்கரண்டியில் சுமார் 7 கிராம் சாலிசிலேட் இருக்கும், குழந்தை விழுங்கினால் உயிராபத்து. இதயத்துக்காக வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தத் தைலத்தைத் தாராளமாகத் தேய்ப்பதும் ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம்.

பிறகு, உருவுதல். என் பார்வையில் திடலோர வைத்தியத்தில் அதிகக் கெடுதல் செய்வது சூடும் அல்ல, ஐஸும் அல்ல. அடிபட்ட அன்றே அழுத்தி உருவிவிடும் கைகள்தான். சுளுக்கு எடுக்கிறவர், மலாய் உருட் வைத்தியர், சீனச் சின்சே என்று மூன்று மரபிலும் இது உண்டு. மூன்றிலும் கைதேர்ந்தவர்களும் உண்டு. ‘உருவியதும் வலி விட்டதே’ என்பார்கள். விடும். தொடுகையும் தேய்ப்பும் முதுகுத்தண்டு மட்டத்திலேயே வலிச்செய்தியை அடக்கும் என்று மெல்ஸாக், வால் இருவரும் 1965இலேயே விளக்கிவிட்டார்கள். வலி குறைந்த அந்த நேரத்தில் உள்ளே அறுந்த குழாய்கள் மறுபடி திறந்து ரத்தம் கசிகிறது என்பதுதான் சங்கடம். தொடையில் முட்டி இடித்து ரத்தம் கட்டிய தசையை உடனே அழுத்தித் தேய்ப்பது இன்னும் ஆபத்து: ரத்தக்கட்டு பெருகிச் சிலருக்கு அந்தத் தசைக்குள் எலும்பே வளர்ந்துவிடும், பல மாதம் முட்டியை மடக்க முடியாது. வீக்கம் அடங்கிய பின் இறுகிய தசையை மென்மையாக நீவிவிடுவதில் எனக்கு மறுப்பில்லை. கேள்வி, எந்த நாளில் என்பதுதான்.

அசைவுக்கு வந்தால், சான்று ஐஸுக்கோ சூட்டுக்கோ உள்ளதைவிட உறுதியானது. 2010இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான பரிசோதனையில் கணுக்கால் சுளுக்கிய 101 பேர் இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவு ஐஸும் ஓய்வும் கட்டுமாக இருந்தது; மற்றப் பிரிவு அவற்றோடு முதல் வாரத்திலிருந்தே எளிய பயிற்சிகளும் செய்தது. பயிற்சி செய்தவர்கள் முதல் இரு வாரங்களில் நன்றாக நடமாடினார்கள். வீக்கம் கூடவில்லை, மறுகாயமும் மிகவில்லை. 16ஆம் வாரத்தில் இரு பிரிவுக்கும் வேறுபாடு இல்லாமல் போனதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் தினக்கூலிக்கு வேலைக்காட்டுக்குப் போகிற வீட்டில் முதல் இரண்டு வாரம் நன்றாக நடமாடுவது சின்ன விஷயமில்லை. ‘அசைத்தால் அறுந்தது இன்னும் அறுந்துவிடுமே’ என்ற பயம் நியாயமானது. அதனால்தான் அசைவுக்கு வலி ஓர் எல்லைக்கோடு. நாற்காலியில் உட்கார்ந்து, ஐஸ் எடுத்த கையோடு, பெருவிரலால் காற்றில் அ, ஆ, இ, ஈ எழுதிப் பார்க்கலாம். மூட்டின் எல்லாத் திசையும் அதில் வந்துவிடும். லேசான வலி சரி. குத்தும் வலி வந்தால் நிறுத்திவிடுங்கள். நடக்க முடிந்ததும் சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்கப் பழகுங்கள். ஒரு தடவை பிசகிய கால் மறுபடி மறுபடி பிசகுவதற்கு, அந்த மூட்டின் சமநிலை உணர்வு முழுதும் திரும்பாமலே திடலில் இறங்குவது முக்கியக் காரணம். தொலைக்காட்சியில் குளிர்ப்பீச்சான் அடித்ததும் எழுந்து ஓடும் ஆட்டக்காரரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அங்கே மரத்துப்போனது தோல்தான், தசைநார் அப்படியே இருக்கிறது.

ஐஸ், சூடு இரண்டையுமே வீட்டில் எச்சரிக்கையாகக் கையாள வேண்டியவர்கள் நம்மில் மிக அதிகம். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. நீண்டகால நீரிழிவு பாத நரம்புகளை மரக்கச் செய்கிறது. ஒத்தடம் சுடுகிறது, ஐஸ் கடிக்கிறது என்று எச்சரிக்கும் மணியே அங்கே வேலை செய்யாது. மகனுக்கு வைத்த அதே ஒத்தடத்தை அப்பாவின் காலில் வைத்தால் கொப்புளம் எழும்பிய பிறகுதான் கண்ணுக்குத் தெரியும்; சர்க்கரையுள்ள பாதத்தில் கொப்புளம் என்பது புண்ணின் தொடக்கம், சிலருக்கு விரலை எடுப்பதில் முடிவது. பாதத்தில் உணர்வு குறைந்தவர்களுக்குச் சூடும் வேண்டாம், ஐஸும் வேண்டாம். கட்டி, உயர்த்தி வைத்து, மருத்துவரிடம் காட்டுங்கள்.

முன்பு இந்த முடிவையெல்லாம் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசர் எடுத்தார். அவர்களைப் பதிவு செய்ய 1965இல் தனிச் சட்டமே வந்தது. இன்று தோட்டங்கள் சுருங்கி மக்கள் தாமான்களுக்குப் பெயர்ந்துவிட்டதால், இது சாதாரணச் சுளுக்கா, எலும்பு முறிவா என்று முதலில் பார்க்க வேண்டியவர் பயிற்றுநரோ பெற்றோரோதான். அதற்குக் கனடாவின் ஒட்டாவாவில் இயான் ஸ்டீல் குழுவினர் 1992இல் வகுத்த விதி எளியது. அடிபட்டவுடன் நான்கு அடி எடுத்து வைக்க முடிகிறதா பாருங்கள். நொண்டி வைத்தாலும் கணக்குதான். பிறகு கணுக்காலின் உள், வெளி எலும்பு முட்டுகளின் பின்விளிம்பை நுனியிலிருந்து 6 சென்டிமீட்டர் உயரம் வரை விரலால் அழுத்துங்கள். பாதத்தின் வெளிவிளிம்பில் நடுவே துருத்தும் எலும்பையும், உள்பக்கம் பாத வளைவின் மேலுள்ள எலும்பையும் அழுத்துங்கள். நான்கு அடி வைக்க முடியாவிட்டாலோ, இந்த எலும்புகளில் எங்காவது அழுத்தும்போது துடித்தாலோ எக்ஸ்ரே தேவை. இரண்டும் இல்லையென்றால் முறிவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பாதம் கோணியிருந்தாலும், விரல்கள் வெளிறி மரத்துப்போனாலும் இந்தச் சோதனைகூட வேண்டாம், நேராக மருத்துவரிடம் போக வேண்டியதுதான். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் ஒரு ரிங்கிட். கோல சிலாங்கூர் மாவட்டத்துக்குத் தஞ்சோங் காராங் மருத்துவமனை இருக்கிறது. அப்படிப்பட்ட காலை யார் கையிலும் உருவக் கொடுக்காமல் அன்றைக்கே அங்கே கொண்டு போங்கள்.